49-ஆவது மணி நேரத்தின் மருத்துவர்

சென்னையிலிருந்து தெற்கே ஓடும் ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டையும் மதுராந்தகத்தையும் தாண்டினால் மேல்மருவத்தூர். 2021 டிசம்பர் 18 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை இங்கேதான் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் யாராக இருந்தாலும், எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்று பார்க்காமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் திட்டம் அது.

அதற்குச் செங்கல்பட்டு மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் இருந்திருக்க முடியாது. ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை, மறுபக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை. வார இறுதியில் மாமல்லபுரம் நோக்கிப் பறக்கும் பைக்குகள், மறைமலைநகர் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் மாறும் நேரத்தில் ஓடும் வேன்கள், விடிய விடிய லாரிகள். 2022-இல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. இந்தியாவிலேயே இதுதான் அதிகம். அந்த ஆண்டு உயிரிழந்தவர்கள் 17,884 பேர்.

அந்த இரண்டு எண்களுக்கும் இடையே நிற்பவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கிய ஓர் இளைஞனை எடுத்துக்கொள்ளுங்கள். 108 ஆம்புலன்ஸ் வருகிறது. ஆபரேஷன் நடக்கிறது. பிளேட் வைத்து எலும்பை நிமிர்த்தியாகிவிட்டது. ‘உயிருக்கு ஆபத்தில்லை’ என்று டாக்டர் சொன்னதும் தாய் கையெடுத்துக் கும்பிடுகிறார். சில வாரங்களில் டிஸ்சார்ஜ். ஓர் ஆம்புலன்ஸ் அவனை வீட்டுக் கட்டிலில் இறக்கிவிட்டுப் போகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. சிறுநீர்க் குழாயை எப்போது மாற்றுவது, மலம் கழிக்கப் பழக்குவது எப்படி என்பதும் தெரியாது. ஒன்றிரண்டு மாதங்களில் முதுகின் அடியில் புண். பிறகு காய்ச்சல். பிறகு சிறுநீரகத் தொற்று. விபத்தில் பிழைத்தவன் படுக்கைப்புண்ணில் சாகிறான். எந்த விபத்துப் பட்டியலிலும் அந்தச் சாவு ஏறுவதில்லை.

48 மணி நேரத்துக்குப் பிறகு இவனுக்குத் தேவைப்படுபவர் புனர்வாழ்வு மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து, ‘பிசிக்கல் மெடிசின் அண்ட் ரீஹாபிலிடேஷன்’ என்ற பிரிவில் மூன்றாண்டு எம்.டி. அல்லது டி.என்.பி. படித்தவர். மருத்துவ உலகில் சுருக்கமாக ‘பி.எம்.ஆர்.’. பொதுமக்களிடம் கேட்டால், ‘பிசியோ பண்ணுற டாக்டரா?’ என்பார்கள். இயன்முறை மருத்துவர் வேறு, இவர் வேறு. பயிற்சி கொடுத்துத் தசையை இயக்கவைப்பது இயன்முறை மருத்துவரின் கைத்திறன். எந்த நரம்பு எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்று மின்பரிசோதனையில் கண்டறிவது, தசை இறுக்கத்துக்குப் போட்டுலினம் ஊசி போடுவது, சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளந்து சிறுநீரகத்தைக் காப்பது, செயற்கைக்கால் எப்படிப்பட்டது வேண்டும் என்று எழுதிக்கொடுப்பது, எல்லாருடைய வேலையையும் ஒரே திட்டமாகக் கோப்பது ஆகியவை பி.எம்.ஆர். மருத்துவரின் பொறுப்பு. இயன்முறை மருத்துவர், செயல்முறைப் பயிற்சியாளர், பேச்சுப் பயிற்சியாளர், செயற்கை உறுப்பு செய்பவர், செவிலியர், சமூகப் பணியாளர் இல்லாமல் இவரால் தனியாக ஒன்றும் செய்ய இயலாது. இவர் இல்லாவிட்டால் அந்த ஆறு பேரும் ஆளுக்கொரு திசையில் இழுப்பார்கள்.

முதுநிலை மருத்துவக் கலந்தாய்வில் ரேடியாலஜி, தோல், பொது மருத்துவம் என்று முன்வரிசை இடங்கள் போன பிறகே பெரும்பாலும் இந்தப் பிரிவின் முறை வருகிறது. ‘அதைப் படிச்சு என்ன பண்ணுவே?’ என்ற கேள்வி வீட்டிலும் விடுதியிலும் எழும். நியாயமான கேள்விதான். அதற்கான பதில்களில் பல செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே கிடக்கின்றன.

முதல் பதில் கிட்டத்தட்ட எண்பது ஆண்டுப் பழையது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இன்று மத்தியத் தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மத்திய அரசு 1955-இல் ஏற்பதற்கு முன் அது லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம். அங்கே ராபர்ட் காக்ரேன் என்ற தோல் மருத்துவ நிபுணர் பணியாற்றினார். 1947-இல் அவரைப் பார்க்க வந்தவர் பால் பிராண்ட். நாமக்கல் பக்கம் கொல்லிமலையில் 1914-இல் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்து, இங்கிலாந்தில் மருத்துவம் படித்து, வேலூர் சி.எம்.சி.யில் எலும்பு அறுவைசிகிச்சை நிபுணராகச் சேர்ந்திருந்தவர்.

இல்லத்தைச் சுற்றிவரும்போது நோயாளிகளின் கைகள் அவர் கண்ணில் பட்டன. விரல்கள் உள்நோக்கி மடங்கி, பறவை நகம்போல் வளைந்து கிடந்தன. ஒருவரின் அந்தக் கைக்குள் தன் கையை வைத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். செத்துப்போன கை என்று அவர் நினைத்திருந்ததற்கு மாறாக, வலிக்கும் அளவுக்கு இறுகியது பிடி. உணர்ச்சி இல்லாததால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே அந்த மனிதருக்குத் தெரியவில்லை. பிராண்டுக்கு ஒன்று புரிந்துவிட்டது. விரலை மடக்கும் முன்கைத் தசைகள் நல்ல நிலையில் இருக்கின்றன. உள்ளங்கையின் சிறு தசைகள்தான் செயலிழந்திருக்கின்றன. நல்ல தசையொன்றின் தசைநாணை எடுத்து இடம் மாற்றினால் கை திறக்குமே!

வேலூரில் அந்த அறுவைசிகிச்சை 1940-களின் இறுதியில் தொடங்கியது. கத்தி வேலை அதில் பாதிதான். மணிக்கட்டைத் தூக்கும் தசையின் நாணை நான்காகப் பிரித்து நான்கு விரல்களோடு இணைத்தாகிவிட்டது, மூன்று வாரம் மாவுக்கட்டும் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். கட்டைப் பிரித்ததும் விரல் தானாக வேலை செய்யாது. அந்தத் தசை இதுவரை மணிக்கட்டைத் தூக்கத்தான் பழகியிருக்கிறது. ‘மணிக்கட்டைத் தூக்கு’ என்று பயிற்சியாளர் சொல்வார். நோயாளி தூக்க நினைக்கும்போது விரல்கள் அசையும். அதை அவர் கண்ணால் பார்த்துப் பார்த்து, மூளைக்குப் புதிய பாடம் சொல்லித்தர வேண்டும். பிறகு பஞ்சுருண்டையைப் பிடிப்பது, கட்டையைப் பிடிப்பது, டம்ளர், கடைசியில் தொழிற்கருவி. அதன் பிறகும் சூடான பாத்திரம் சுடாமல், செருப்பில் ஏறிய முள் தெரியாமல் போகாமல் கையையும் காலையும் தினமும் கண்ணால் சோதிக்கும் பழக்கம் வேண்டும். உணர்ச்சியற்ற பாதங்களுக்கான மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு, நோயாளிகளிடையே ‘எம்.சி.ஆர். செருப்பு’, இந்த முயற்சிகளின் வழியே வந்ததுதான். பல மருந்துகள் சேர்ந்த கூட்டுச் சிகிச்சையால் தொழுநோய் முழுமையாகக் குணமாகிறது. மடங்கிய விரலும் மரத்த பாதமும் மருந்தால் மட்டும் திரும்புவதில்லை. திருமணியில் இன்றும் சீரமைப்பு அறுவைசிகிச்சையும் இயன்முறைப் பிரிவும் இருப்பது அதனால்தான்.

அதே வேலூரில் பிராண்டிடம் பயின்றவர் மேரி வர்கீஸ். கொச்சியில் பிறந்த இளம் மருத்துவர். 1954-இல் வண்டி கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போனார். நிற்க முடியாதவர் அறுவைசிகிச்சை செய்வது எப்படி? தொழுநோயாளிகளின் கையில் அறுவைசிகிச்சை உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடியது. சக்கர நாற்காலியில் இருந்தபடி அவர் செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும், நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்திலும் பயிற்சி பெற்று, 1963-இல் சி.எம்.சி.யில் புனர்வாழ்வு மருத்துவத் துறையின் தலைமையை ஏற்றார். 1966-இல் தண்டுவடம் பாதிக்கப்பட்டோர் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ. வேலை வாய்ப்பு இருக்கிறதா என்று பார்த்து அவர் அந்தத் துறைக்குப் போகவில்லை. நாட்டில் அந்த வேலையைக் கட்டி எழுப்பியவர்களில் அவர் ஒருவர்.

இன்று இந்தத் துறைக்குள் வரும் இளம் மருத்துவர் முன் பல கிளைகள் விரிகின்றன. அமெரிக்காவில் பி.எம்.ஆருக்கு 1947-இலேயே தனி வாரியம் உருவானது. அங்கே தண்டுவடக் காயம், மூளைக் காயம், குழந்தைகள் புனர்வாழ்வு, வலி, விளையாட்டு, நரம்பு-தசை நோய்கள் என்று உட்பிரிவுகளுக்குத் தனித்தனிச் சான்றிதழ் உண்டு. இந்தியாவில் எம்.டி.க்குப் பிறகு முறைப்படியான உட்பிரிவுப் படிப்புகள் இன்னும் குறைவு. பெரும்பாலோர் ஒரு துறையில் தொடர்ந்து வேலை பார்த்து, குறுகிய காலப் பயிற்சிகள் எடுத்து, தம் வழியைத் தாமே அமைத்துக்கொள்கிறார்கள்.

பணம் எங்கே என்றால் வலி சிகிச்சையிலும் விளையாட்டு மருத்துவத்திலும். பெரிய தனியார் மருத்துவமனைகளில் அல்ட்ராசவுண்ட் பார்த்து மூட்டுக்குள்ளும் நரம்பருகிலும் ஊசி போடும் நிபுணருக்கு நல்ல வரவேற்பு. முதுகுவலி இல்லாத ஐ.டி. ஊழியர் பழைய மாமல்லபுரம் சாலையில் யார்? இந்தப் பிரிவில் அறுவைசிகிச்சை நிபுணரோடும் மயக்கவியல் நிபுணரோடும் போட்டி போட வேண்டியிருக்கும். அதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் நஷ்டமில்லை.

விளையாட்டு மருத்துவத்துக்கு இந்தக் கடற்கரையே ஒரு காரணம் சொல்கிறது. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவர் குடும்பத்துப் பிள்ளைகள் அலைச்சறுக்கில் தேசிய அளவுக்கு வளர்ந்திருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குச் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடந்தது. தோள்மூட்டு விலகல், முழங்கால் தசைநார்க் கிழிசல், ஆழமில்லாத நீரில் தலைகீழாகப் பாய்ந்து கழுத்து முறிதல் ஆகியவை எல்லாம் கடலோர விளையாட்டின் ஆபத்துகள். இன்னொரு பக்கம் மாற்றுத்திறனாளி விளையாட்டு. பக்கத்து காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசன் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மின்டன் வெள்ளி வென்றார். பாரா விளையாட்டு வீரர்களை உடற்குறையின் தன்மைக்கேற்பப் பிரிவுகளாக வகைப்படுத்தப் பயிற்சி பெற்ற மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் தேவை. பாராலிம்பிக்கின் வேரும் ஒரு மருத்துவமனைதான். இங்கிலாந்தின் ஸ்டோக் மேண்டவில்லில் லுட்விக் குட்மேன் என்ற மருத்துவர், தண்டுவடம் பாதித்த முன்னாள் ராணுவத்தினருக்காக 1948-இல் வில்வித்தைப் போட்டி நடத்தினார். அங்கிருந்து வளர்ந்ததே இன்றைய பாராலிம்பிக்.

குழந்தைகள் பிரிவுக்கு முகவரி முட்டுக்காடு. கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே, 2005-இல் உருவான பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் அங்கே இருக்கிறது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், பார்வையும் செவித்திறனும் ஒருசேர இழந்த நிலை என்று பல குறைகள் கூடிவரும் குழந்தைகளை மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் அழைத்துவருகிறார்கள். மூளை முடக்குவாதக் குழந்தையின் இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல நழுவுவதை எக்ஸ்ரேயில் முன்கூட்டியே கண்டால், பிற்பாடு வரும் பெரிய வலியைத் தடுக்கலாம். மிகச் சிறு வயதிலேயே கண்டுபிடிக்க வேண்டும். பல குழந்தைகள் வந்து சேரும்போது அந்த வயதைத் தாண்டிவிடுகிறார்கள். பொறுமையும் குழந்தை மருத்துவத்தில் ஈடுபாடும் உள்ளவருக்கு இதைவிட நிறைவான வேலை கிடைப்பது அரிது.

மாமல்லபுரத்துக்கே உரிய இன்னொரு கிளை உண்டு. அதற்குப் பெயர்ப்பலகை மாட்டிய மருத்துவர்கள் குறைவு. ஐந்து ரதத்துக்குப் போகும் வழியெங்கும் உளிச்சத்தம். இப்போது உளியோடு கிரைண்டர், கட்டர் சத்தமும் சேர்ந்திருக்கிறது. அதிரும் கருவியை ஆண்டுக்கணக்கில் பிடிக்கும் கைக்கு விரல் மரப்பும் மணிக்கட்டு நரம்பு நெருக்கமும் வரும். குனிந்தே செதுக்கும் முதுகுக்கு வலி வரும். வலை இழுக்கும் மீனவரின் தோள், நாற்று நடும் பெண்ணின் முழங்கால், தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் விரல் இழந்த தொழிலாளியின் கை, எல்லாம் தொழில்சார் புனர்வாழ்வின் கணக்கில் வருபவை. வலி மாத்திரை கொடுத்து அனுப்புவது சுலபம். கருவியின் கைப்பிடியை எப்படி மாற்றலாம், எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை ஓய்வு வேண்டும், இதே தொழிலுக்குத் திரும்ப முடியுமா என்று உட்கார்ந்து பார்ப்பவர்தான் வேண்டும்.

இங்கே சட்டமும் கதவைத் தட்டுகிறது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது. உடல் ஊனத்தின் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல. இடது கையை இழந்த எழுத்தர் தன் வேலையைத் தொடரலாம். தச்சருக்கோ ஓட்டுநருக்கோ அதே இழப்பு பிழைப்பையே பறித்துவிடலாம். மாமல்லபுரத்துச் சிற்பியின் கட்டைவிரலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். விபத்து இழப்பீட்டு வழக்குகளிலும், இ.எஸ்.ஐ. மருத்துவ வாரியங்களிலும், 21 வகைக் குறைபாடுகளை ஏற்ற 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் சான்று வழங்குவதிலும் இதைச் சரியாக எடைபோடத் தெரிந்த மருத்துவரின் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். சதவீதம் எழுதித்தருவதோடு ஒரு மருத்துவரின் நாள் முழுதும் தீர்ந்துவிட்டால் அது அவர் படித்த படிப்புக்கு நேரும் இழப்பு. அரசு மருத்துவமனைகளில் பி.எம்.ஆர். மருத்துவரைச் சான்றிதழ் மேசையிலேயே உட்காரவைக்கும் வழக்கம் மாற வேண்டும்.

எஞ்சியிருப்பது தண்டுவடமும் மூளையும். தேவை மிக அதிகம், ஆள் மிகக் குறைவு என்ற நிலை இங்கேதான். இந்தச் சிகிச்சைக்கு நேரம் பிடிக்கும், படுக்கை வேண்டும், குழுவும் வேண்டும். அதனால்தான் தனியார் மருத்துவமனை தயங்குகிறது. ஒரு வார்டில் நடப்பதைக் கவனித்தால் புரியும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை தானே சுத்தமாகக் குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றக் கற்றுத்தருகிறார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவர் கால் மணி, அரை மணிக்கொரு தரம் கைகளை ஊன்றி உடலைத் தூக்கிப் பிட்டத்தின் அழுத்தத்தைக் குறைக்கப் பழகுகிறார். கழுத்திலோ மேல்முதுகிலோ அடிபட்டவருக்குத் திடீரென்று தலைவலியும் வியர்வையும் வந்து ரத்த அழுத்தம் எகிறினால், முதலில் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது தெரியாத இடத்தில் மாத்திரை மேல் மாத்திரை கொடுப்பார்கள், அழுத்தம் இறங்காது. தெரிந்தவர் குழாயைச் சரிசெய்வார், சில நிமிடங்களில் அடங்கும்.

இப்படிக் காக்கப்பட்ட ஓர் உயிர் என்ன செய்யும் என்பதற்கு ஆய்க்குடி சாட்சி. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார் எஸ்.ராமகிருஷ்ணன். தமக்குச் சிகிச்சையளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சஹலின் பெயரில் 1981-இல் ‘அமர் சேவா சங்கம்’ தொடங்கினார். தென்காசிப் பக்கத்துச் சிற்றூரில் முளைத்த அந்த அமைப்பு இன்று குழந்தைகளுக்கான ஆரம்பகாலச் சிகிச்சையில் முன்னோடி. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ. தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்டோர் மகளிர் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய ப்ரீத்தி ஸ்ரீனிவாசன், 1998-இல் இதே வங்கக் கடலோரம் புதுச்சேரியில் நீரில் விளையாடும்போது கழுத்தில் அடிபட்டவர். தண்டுவடம் பாதித்தவர்களுக்காகத் திருவண்ணாமலையில் ‘சோல்ஃப்ரீ’ அமைப்பை நடத்துகிறார். நோயாளிகளே நிலையம் கட்ட வேண்டியிருந்தது என்பது அவர்களுக்குப் பெருமை. பொதுச் சுகாதாரத்துக்கு அது ஒரு நெடுநாள் பாக்கி.

வாய்ப்புகளே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னை கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. எய்ம்ஸ்களிலும் மத்திய நிறுவனங்களிலும் பி.எம்.ஆர். துறைகள் உள்ளன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. உலக வங்கி உதவியுடன் நடக்கும் ‘தமிழ்நாடு உரிமைகள்’ திட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரே கூரையின் கீழ் சேவை மையங்களை அமைத்துவருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் டி.டி.கே. ஆய்வு மையம் நிமிர்ந்து நிற்கவைக்கும் சக்கர நாற்காலியையும் ‘கதம்’ என்ற செயற்கை முழங்காலையும் உருவாக்கியிருக்கிறது. கருவி வடிவமைப்பில் ஆர்வமுள்ள மருத்துவருக்கு அது புதிய வாசல். உலகெங்கும் சுமார் 240 கோடிப் பேருக்குப் புனர்வாழ்வுச் சிகிச்சை பயன்படும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023 மே மாதம் அதன் பேரவை, எல்லா நாடுகளின் சுகாதாரக் கட்டமைப்பிலும் இதைச் சேர்க்கத் தீர்மானமும் நிறைவேற்றியது.

இத்தனை இருந்தும் இடைவெளி எங்கே? நடுவில். பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைசிகிச்சை உண்டு. வீட்டு வாசலில் இயன்முறைப் பயிற்சி உண்டு. இரண்டுக்கும் இடையே நோயாளி ஆறு வாரம், பன்னிரண்டு வாரம் தங்கிப் பழகும் வார்டுதான் மாவட்டந்தோறும் இல்லை. விபத்துச் சிகிச்சைக்கு 48 மணி நேரத்தைக் கணக்கிட்டுப் பணம் ஒதுக்க முடிந்த அரசால், அதன் தொடர்ச்சியாகப் புனர்வாழ்வு வார்டுக்கும் ஒதுக்க முடியும். அந்தத் திட்டம் பிறந்த செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். இருபது படுக்கை, ஒரு பி.எம்.ஆர். மருத்துவர், அவருக்கு முழுக் குழு. பணியிடம் உருவானால் படிக்க ஆள் வருவார். ஆள் வரட்டும், பிறகு பணியிடம் உருவாக்கலாம் என்று காத்திருந்தால் இரண்டுமே வராது.

எம்.டி. நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பயிற்சி மருத்துவர்கள் ஒரு நாள் முட்டுக்காட்டையும் திருமணியையும் போய்ப் பார்த்துவிட்டு விருப்பப் பட்டியலை எழுதலாம். வலி சிகிச்சையையும் விளையாட்டு மருத்துவத்தையும் எடுப்பதில் தவறில்லை. ஆனால் தண்டுவடம், மூளை, குழந்தைகள் ஆகிய மூன்றையும் ஆழமாகக் கற்றவருக்கு இந்த மாவட்டத்தில் அடுத்த முப்பது ஆண்டுக்கு நோயாளிகள் குறையப்போவதில்லை.

வீட்டில் யாருக்காவது பக்கவாதமோ தண்டுவடக் காயமோ நேர்ந்திருந்தால், டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும் முன் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். புண் வராமல் எப்படிப் படுக்கவைப்பது? சிறுநீருக்கு என்ன வழி? அடுத்து எந்தப் புனர்வாழ்வு மருத்துவரைப் பார்ப்பது? பதிலை எழுதி வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு (யு.டி.ஐ.டி.) விண்ணப்பியுங்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கும் தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கும் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. அதற்கான விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும்.